கொலுசுப் பட்டறைக்கு மேலே ஒரு பாட்டுக் கூடம்: மணிக்கு 600 ரூபாய் கொடுத்தவள் எழுதுவது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் இந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தரைத்தளத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முதல் மாடியில் மிளகாயும் மல்லியும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிட்டங்கி. அதற்கு மேல், மொட்டை மாடியில் பாதியை மறைத்துக் கட்டிய இரண்டு அறைகள்தான் கூடம். பெயரை நானும் சொல்லப்போவதில்லை. நல்லதோடு குறையையும் எழுதப்போகிறேன். அடுத்த மாதமே கூடத்தை நடத்துகிற அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான். தேவைப்படுகிறவர்கள் வெள்ளிக் கடைத் தெருவில் நின்று "பாட்டு எடுக்கிற இடம் எது?" என்று கேட்டால் போதும். கையைக் காட்டுவார்கள். கூடவே, "மிளகாய் நெடி தாங்குவீர்களா?" என்றும் கேட்பார்கள். வேடிக்கைக்குக் கேட்பதில்லை. மூட்டை இறக்குகிற நாளில் படியேறினால் பாடப் போகிற தொண்டை முதல் மாடியிலேயே கட்டிக்கொள்ளும். கைக்குட்டையை நனைத்து மூக்கில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

நான் யார் என்று சொல்லாமல் இதை எழுதினால் கணக்கு நேராகாது. ஒன்பது ஆண்டுகள் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். மரவள்ளிக் கிழங்கு லாரி வந்து நின்றால் எடைச்சீட்டு, மாவுச்சத்துப் பாயிண்ட், விவசாயிக்குப் பட்டுவாடா. பகலெல்லாம் இதுதான். இரவில் பாட்டு எழுதுவேன். சொந்த வரி, சொந்த மெட்டு, கிதாரை வாசித்துக்கொண்டு நானே பாடுவது. கடைசியாக வாங்கிய சம்பளம் 27,500 ரூபாய். எட்டு மாதச் சம்பளம், அதாவது 2,20,000 ரூபாய், வங்கியில் சேர்ந்த பிறகுதான் 2023 ஜூனில் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் அம்மா இன்றுவரை "லீவு போட்டிருக்கிறாள்" என்றே சொல்லி வருகிறார்.

முதலில் விலை. மணிக்கு 600 ரூபாய். குறைந்தது இரண்டு மணி நேரம் எடுக்க வேண்டும். ஒலிப்பதிவாளர் கூலி அதிலேயே அடக்கம். குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கிற மிக்ஸிங் பாட்டுக்கு 4,000, வெளியிடும் முன் கடைசி மெருகான மாஸ்டரிங் 1,500. என் முதல் பாட்டுக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது, அது 5,400. புல்லாங்குழல் வாசித்தவருக்கு 2,500. டீ, பன், ஒரு ராத்திரி எல்லோருக்கும் தட்டுவடை செட், ஆக 450. பாட்டை இசைச் செயலிகளில் ஏற்றித் தரும் நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா 1,000. கூட்டினால் 14,850. "ஒரு பாட்டு, அரை மாதச் சம்பளம்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். சென்னையில் நான் விசாரித்த ஓர் இடத்தில் மணிக்கு 1,500 கேட்டார்கள். ரயில் டிக்கெட்டும் தங்குகிற செலவும் அதற்கு மேல்.

கூடத்தை நடத்துகிற அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டால் ஊரில் மாரியம்மன் கோயில் இருக்கிற தெருவெல்லாம் மேடை; அவர் ஏறாத மேடை குறைவு. எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். மூட்டை இறக்க வரும் லாரி ஓட்டுநர் அவரைவிட மூத்தவர், அவரும் கண்ணுதான்.

முதல் நாள் பதினொரு பாட்டு எழுதிய நோட்டோடு போனேன். இரண்டு மணி நேரத்துக்கு 1,200 ரூபாயை முன்பணமாகவே கொடுத்துவிட்டேன். அவர் மைக்கைத் தொடவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கிதாரை ஓரமாக வை கண்ணு. கையைத் தட்டிப் பாடு" என்றார். கிதார் பக்கத்தில் இருந்தால் பல ஓட்டைகளை அது அடைத்துவிடும். கையைத் தட்டிப் பாடும்போது எந்த இடத்தில் மெட்டு நொண்டுகிறது, எந்தச் சொல்லுக்கு இடம் போதாமல் நான் விழுங்குகிறேன் என்பதெல்லாம் எனக்கே கேட்டது. பதினொன்றில் நான்கு தேறின. மற்ற ஏழுக்கு அவர் சொன்னது: "நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் கணக்குப்பிள்ளை எழுதியது தெரிகிறது. ஒவ்வொரு வரிக்கும் ரசீது வைத்திருக்கிறாய்." பிறகு 600 ரூபாயைத் திருப்பிக் கையில் கொடுத்து, "இந்த நாலையும் இரண்டு மாதம் ஜனங்கள் முன்னால் பாடிவிட்டு வா. அப்புறம் எடுக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவர் வந்த வாடிக்கையாளரைப் பணத்தோடு திருப்பி அனுப்புவதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. படியிறங்கும்போது கண்ணில் வந்த நீருக்கு மிளகாய் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் என்று அவர் சொன்னது நான்கு மாதம் ஆனது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அறை.

பாடும் அறை எட்டடிக்கு ஆறடி. சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்ததற்கு அதுவே முதல் காரணம். முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. உள்ளே எழும் எதிரொலியிலும் கீச்சென்ற மேல் பகுதியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கும்மென்று முழங்கும் கீழ்ப் பகுதியை அப்படியே விட்டுவிடும். இங்கே மரச் சட்டங்களுக்குள் ராக்வூல் என்கிற, பாறையிலிருந்து செய்யும் பஞ்சை அடைத்து, மேலே கெட்டிப் போர்வைத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கதவு கனமானது, ஓரங்களில் ரப்பர் பட்டை. இருந்தும் செவ்வாய்ப்பேட்டையை முழுதாக வெளியே நிறுத்த முடியவில்லை. பட்டறையில் மெருகேற்றும் மோட்டார் இரவு எட்டு வரை ஓடும். அது நின்றதும் மண்டிகளுக்குச் சரக்கு லாரி வரும். ஆக, பாடுவதற்கு உருப்படியான நேரம் இரவு பத்தரைக்கு மேல்; இல்லாவிட்டால் பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை. வேறு நேரம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாடுகிறபோது ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் பல கூடங்களிலும் அப்படித்தான். ஆனால் சேலத்து ஏப்ரல் மாதத்தில், மொட்டை மாடிக் கூரைக்குக் கீழே, பஞ்சடைத்த அறையில் ஏ.சி. இல்லாமல் மூன்று டேக் பாடிப் பாருங்கள். எனக்கு முன்னால் கிதார் களைத்துவிட்டது. ஒவ்வொரு டேக்குக்கும் சுருதி இறங்கியது. நான்காவது டேக்கில் என் குரலும் அதனோடு சேர்ந்து இறங்கியதால் இரண்டும் பொருந்திப்போய், யாருக்கும் தெரியாமல் அரை மணி நேரம் வீணானது. அந்த அரை மணிக்கு அவர் காசு வாங்கவில்லை. தப்பைக் கவனிக்காதது தன் காது என்றார்.

மைக் விஷயத்தில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு கண்டென்சர் மைக்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவரிடம் நல்லதாகவே ஒன்று இருக்கிறது. 48 வோல்ட் மின்சாரம் கொடுத்து அதை மாட்டினார். நான் பாடினேன், கேட்டோம். என் குரல் கேட்டது, என் வளையல் கேட்டது, கிட்டங்கியில் யாரோ சாக்கை இழுப்பதும் கேட்டது. நல்ல அறையில் கண்டென்சர் மைக் தங்கம். இந்த அறையில் கோள்சொல்லி. கடைசியில் ஷூர் எஸ்.எம்.7பி என்கிற டைனமிக் மைக்கில் வாயை ஏறக்குறைய ஒட்டிவைத்துத்தான் நான்கு பாட்டையும் பாடினேன். தனக்கு எதிரே இருப்பதைப் பிடித்துக்கொண்டு சுற்றுப்புறத்தைக் கொஞ்சம் விட்டுவிடுகிற ரகம் அது. மெல்லிய குரலில் பாடுகிறவர்கள் இதில் உச்சரிப்பை அழுத்திப் பாட வேண்டியிருக்கும்.

ரயிலுக்கு எந்த மைக்கும் உதவாது. ஜங்ஷனிலிருந்து டவுன் ஸ்டேஷன் பக்கம் போகிற பாதை தூரத்தில் இல்லை. இரண்டாவது பாட்டில், சரணத்தின் கடைசி வரியில், இதுவரை வராத மாதிரி குரல் வந்தது. அதே நேரம் ரயிலும் கூவியது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், இயற்கையாக இருக்கும் என்று நான் வாதாடினேன். அண்ணன் கீபோர்டில் விரலை வைத்து ரயிலின் சுருதியைத் தேடினார். "உன் பாட்டு சேராத இடத்தில் கூவுகிறது கண்ணு. கேட்கிறவனுக்கு ரயில் என்று தோன்றாது, யாரோ தப்பாக வாசிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்" என்றார். மறுபடி பாடினோம். முதலில் வந்தது வரவில்லை. பாட்டில் இருப்பது இரண்டாவதாகப் பாடியது. எனக்கு இன்னமும் அதில் வருத்தம் உண்டு.

இதே போலத் தறிச் சத்தம். அப்பா வெண்பட்டு நெய்தவர். அந்தச் சத்தத்தைத் தாளமாக வைத்துப் பாட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தறி வைத்திருக்கும் சித்தப்பா வீட்டில் போனில் பதிந்துகொண்டு போனேன். கணினியில் போட்டுப் பார்த்தால் அடிக்கு அடி இடைவெளி மாறுகிறது. நெய்கிறவர் நூல் அறுந்தால் நிற்பார், பேச்சு வந்தால் மெதுவாவார். தறி என்ன மெட்ரோனோமா, மாறாமல் தாளம் தட்ட? ஒன்றரை மணி நேரம் வெட்டி ஒட்டிய பிறகு அண்ணன் சொன்னார்: "இதை வைத்தால் சேலத்துப் பாட்டு என்று தெரிந்துவிடும். நல்ல பாட்டு என்று தெரியாது." இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு 900 ரூபாய். சித்தப்பா இன்னும் பாட்டில் தன் தறி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் சொல்வதையெல்லாம் கேட்டுவிடாதீர்கள் என்பதையும் எழுத வேண்டும். மேடையில் வாசித்துப் பழகியவர். அவர் காது இன்னும் மேடையிலேயே இருக்கிறது. குரலுக்கு எதிரொலி அள்ளிப் போடுவார். பல்லவி திரும்புகிற இடத்திலெல்லாம் மணி உதிர்கிறாற்போல ஒரு சத்தம் வைப்பார். முதல் பாட்டின் முதல் மிக்ஸிங்கைக் கேட்டபோது நான் கிணற்றுக்குள் விழுந்துவிட்டதுபோலவும், மேலே யாரோ பூசை செய்வதுபோலவும் இருந்தது. இரண்டு முறை திருத்தச் சொன்னேன். முதல் இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதுக்கு 500. என்ன மாதிரிச் சத்தம் வேண்டும் என்பதற்கு மாதிரியாக இரண்டு பாட்டைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். வாயால் விளக்கினால் "புரிந்தது கண்ணு" என்பார், கிணறுதான் வரும்.

ஆனால் மிக்ஸிங்கைச் சரிபார்க்க அவரிடம் ஒரு முறை இருக்கிறது. அதற்காகவே அந்த 4,000 தகும். பெரிய ஸ்பீக்கரில் கேட்பார், பிறகு போனில் கேட்பார், கடைசியாகப் பென் டிரைவில் போட்டுக் கீழே பட்டறைக்கு அனுப்புவார். அங்கே ஒரு பழைய பெட்டி பகல் முழுவதும் பாடிக்கொண்டிருக்கும். சலங்கை கோக்கிற பெண்கள் குனிந்த தலை நிமிராமல் கேட்பார்கள். என் பாட்டு ஓடியபோது ஒரு அக்கா, "குழல் நன்றாக இருக்கிறது. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்றுதான் கேட்கவில்லை" என்றார். 'அந்தப் பெண்' பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. அண்ணன் மேலே வந்து குழலை இரண்டு டெசிபல் இறக்கினார். வரிகள் எழும்பிவிட்டன.

மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, லஃப்ஸ் என்கிற சத்த அளவில் மைனஸ் 14 அருகே, கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகின்றன. நெருக்கிப் பிழிந்து சத்தமாக்கிய பாட்டையும் அங்கே இறக்கிவிடுவார்கள், பிழிந்ததில் போன உயிர் மட்டும் திரும்பாது என்று விளக்கினார். மெல்லிசை மேடைக்காரருக்கு இது தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம்.

இனி என் மனக்குறைகள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கிற நாளை அவர் குறித்து வைப்பதில்லை. யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். ஒரு நாள் இருபத்தோராவது நிமிடத்தில் நான் பாடிக்கொண்டிருந்தேன். சேமிக்காத இரண்டு டேக் போயின. அந்த நேரத்துக்கான பணத்தை என் கணக்கில் குறைத்துக்கொண்டார், டேக் போனது போனதுதான். அதைவிடப் பெரிது அடுத்தது. ஏற்காட்டு விடுதியில் பாட, என் குரல் இல்லாத வாத்தியப் பகுதி மட்டும் தேவைப்பட்டது. கேட்டால், ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை, அழித்தாகிவிட்டது என்றார். முன்பே சொல்லவில்லையே என்றால், நீ கேட்கவில்லையே என்கிறார். ஆகவே கடைசி நாளன்று உங்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுபோய், குரல், கிதார், குழல் எனத் தனித்தனியாக ஒவ்வொரு ட்ராக்கையும் ஒலித்தரம் குறையாத 24 பிட் வேவ் கோப்பாக வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டு நட்சத்திரம் குறைக்க இந்த ஒன்றே போதும்.

பில்லும் கிடையாது. துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுப்பார். எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு பக்கத்தில் நானே ஒப்பந்தம் தட்டச்சு செய்துகொண்டு போனேன். வரியும் மெட்டும் என்னுடையவை. ஒலிப்பதிவும் என்னுடையது; ஏனென்றால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவை உண்டாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவரே தயாரிப்பாளர், அவருக்கே ஒலிப்பதிவின் உரிமை. இங்கே அது நான். குழல் வாசித்தவரிடமும் தொகையைக் குறித்துக் கையெழுத்து வாங்கினேன். "உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அண்ணன் முகம் சுருங்கியது. ஜவ்வரிசி ஆலையில் சொந்த மச்சானிடமும் முதலாளி எடைச்சீட்டு வாங்குவார் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது மற்றவர்களுக்கும் அந்தத் தாளையே நகலெடுத்துக் கொடுக்கிறாராம். எனக்கு அதற்கு ஒரு டீகூட வரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு உண்டு. பாட்டை ஏற்றித் தரும் நிறுவனமே பெரும்பாலும் கொடுத்துவிடும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். என் அட்டையிலிருந்து ஆண்டுச் சந்தா கழியாமல்போய், ஒரு நாள் காலையில் நான்கு பாட்டும் எல்லாச் செயலியிலிருந்தும் காணாமல் போயின. வேறு நிறுவனம் வழியாக ஏற்றியபோது பழைய குறியீட்டையே கொடுத்ததால்தான், கேட்டவர்களின் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்காமல் தப்பியது. குறியீட்டை எழுதி வைக்கச் சொன்னதும் அண்ணன்தான்.

சரி, வரவு. முதல் பாட்டைப் பதினான்கு மாதத்தில் ஏறக்குறைய 41,000 முறை கேட்டிருக்கிறார்கள். வந்தது 2,316 ரூபாய். செலவு 14,850 என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு யாராவது வேலையை விடாமல் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. பாட்டு நேராகப் பணம் தரவில்லை; வேலை வாங்கித் தந்தது. எப்படியென்றால், ஏற்காட்டில் ஒரு விடுதியில் சனி, ஞாயிறு மாலைகளில் பாடுகிறேன். அண்ணன் "ஜனங்கள் முன்னால் பாடு" என்று விரட்டியபோது பிடித்த இடம் அது. தொடக்கத்தில் 800 ரூபாயும் சாப்பாடும். எல்லாம் பழைய சினிமாப் பாட்டு. என்னுடையது இரவுக்கு இரண்டே இரண்டு, அதுவும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற நேரத்தில். நான்கு மாதம் அப்படிப் பாடியதில் ஒரு சரணத்தை மாற்றினேன், ஒரு பாட்டுக்குச் சுருதியை இறக்கினேன். பேச்சு நிற்காத கூட்டம் எந்த வரியில் நிற்கிறது என்பதைப் பார்த்தேன். ஒலிப்பதிவு வெளியான பிறகு விடுதிக்காரர் அதைத் தன் வரவேற்பறையில் போட்டார். இப்போது மாலைக்கு 2,000. என் பாட்டு ஆறு.

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. முதுகில் கிதாரோடு ஸ்கூட்டரில் போகிறேன். மேலே மூடுபனியில் கிதாரின் மரம் ஊதிக்கொள்ளும். ஞாயிறு இரவில் கீழே வந்ததும் வெயில் உலர்த்தும். வாரம் ஒருமுறை மலையேறி இறங்குகிற எந்த மரத்துக்கும் இது ஆகாது. மேலே பாட ஒட்டுப்பலகைக் கிதார் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டேன். நல்லது கூடத்துக்கு மட்டும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல் வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கணம் வேகம் குறைப்பேன். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய சினிமாப் பட நிறுவனம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் இங்கிருந்துதான் வந்தது. பாட வேண்டும், நடிக்க வேண்டும் என்றவர்கள் சேலத்துக்கு ரயிலேறிய காலம் இருந்திருக்கிறது. இன்று வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. ஊர்க்காரர்கள் என்னிடம் "சென்னைக்கு எப்போது போகிறாய்?" என்று கேட்கிறார்கள்.

போன மே மாதக் கணக்கைத் தருகிறேன். கோடை விழா மாதம், அதனால் நல்ல மாதம். விடுதியில் எட்டு மாலை, 16,000. கிதார் கற்கும் பிள்ளைகள் ஒன்பது பேர், தலைக்கு 1,200 வீதம் 10,800. ஒரு கல்யாண வரவேற்பு, 8,000. ஜவுளிக்கடைக்கு அரை நிமிட விளம்பரப் பாட்டு, 5,000. செயலிகளிலிருந்து 212. மொத்தம் 40,012. அதற்கு முந்தைய நவம்பரில் மழை, மலையில் கூட்டமில்லை. மொத்தமே 13,400. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த விளம்பரப் பாட்டைக் கொண்டுவந்தது அண்ணன்தான். கடைக்காரர்கள் அவரிடம் வருவார்கள். "பாடவும் எழுதவும் ஒரு பிள்ளை இருக்கிறது" என்று எனக்குப் போன் செய்வார். இதுவரை ஏழு வந்திருக்கின்றன. தரகு கேட்டதில்லை. கூடத்துக்கான வாடகை வாங்கிக்கொள்வார், அது நியாயம்.

யாருக்கு இந்தக் கூடம் சரிப்படும்? ஒரு குரல், ஒரு கிதாரோ வீணையோ, ஒன்றிரண்டு வாத்தியம் என்றால் தாராளமாக வரலாம். தவில், பறை, டிரம்ஸ் நேரடியாக வாசித்துப் பதிய வேண்டும் என்றால் வேண்டாம். அறை தாங்காது, கிட்டங்கிக்காரரும் தாங்க மாட்டார். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். பெண்கள் இரவு நேரப் பதிவுக்குத் தயங்கினால், அண்ணன் மனைவி வந்து உட்கார்ந்திருப்பார். கேட்டுக்கொள்ளத் தேவையில்லை, அவரே வருவார். இரவு ஒரு மணிக்கு அவர் போடும் சுக்குக் காப்பிக்கு விலைப்பட்டியலில் இடமில்லை.

ஐந்தாவது பாட்டுக்கு ஆவணி முதல் வாரம் நாள் குறித்திருக்கிறேன். ஆடியில் கேட்டுப் போகாதீர்கள். கூடம் பூட்டியிருக்கும். அண்ணன் ஏதாவது ஒரு கோயில் மேடையில் கீபோர்டோடு நிற்பார்.